பில்லில் இரண்டு ஆறு ரூபாய்

மதியம் சாப்பிட்ட பில்லைப் பையில் வைக்கப் போனவன், அப்படியே நின்றுவிட்டேன்.

சாப்பாடு 240 ரூபாய். கீழே மங்கிய மையில் இரண்டு வரி:

சிஜிஎஸ்டி 6.00
எஸ்ஜிஎஸ்டி 6.00

ஒன்றியத்துக்கு ஆறு, மாநிலத்துக்கு ஆறு. தாளில் பார்த்தால் சரிபாதி.

ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன்பு விற்பனை வரி எவ்வளவு என்பதை நம் சட்டமன்றம் முடிவு செய்தது. இப்போது அந்தப் பேச்சு, ஒன்றிய, மாநில அமைச்சர்கள் கூடும் ஜிஎஸ்டி கவுன்சிலில். அங்கே ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும்.

அதாவது, அத்தனை மாநிலங்களும் சேர்ந்து கை தூக்கினாலும் டெல்லி வேண்டாம் என்றால் நடக்காது.

அப்புறம் எங்கள் ஊர் எம்எல்ஏவிடம் போய் இந்த வரியைக் குறையுங்கள் என்று எப்படிக் கேட்பேன்? மனசு ஆறவே இல்லை.