பாலிக் புலாவ் வயல் மேல் ஒரு ட்ரோன்

பினாங்குக்கு ட்ரோன் கொண்டு போகிறேன் என்று சொன்னதுமே ஆளாளுக்கு இடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஜார்ஜ் டவுனின் ஓட்டுக்கூரைகள், கடலைத் தாண்டும் பாலம், கொடிமலை உச்சி, தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகள். எல்லாமே அழகான இடங்கள்தான். ஆனால் அவற்றில் ஒன்றின் மேலும் நான் ட்ரோனைப் பறக்கவிடவில்லை. தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவ் வயல்வெளியில் ஓர் இடத்தில் மட்டும் பறக்கவிட்டேன். பினாங்கு மாதிரி நெருக்கமான தீவில் நிறைய இடங்களை வேண்டாம் என்று விட்டால்தான் ஓர் இடத்திலாவது நிம்மதியாகப் படம் எடுக்க முடியும்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தீவின் தென்கிழக்கு மூலையில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். நீரிணைக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம். கிள்ளானிலிருந்து காரில் வந்த நாங்கள் 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தில்தான் தீவுக்குள் நுழைந்தோம். பாலம் இறங்கும் பத்து மாவுங்கிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். தரையிறங்க வரும் விமானங்கள் தலைக்கு மேலே எவ்வளவு தாழ்வாகத் தெரிகின்றன என்று அங்கே ஒரு தடவை பார்த்தால் போதும், பாலத்தின் மேல் ட்ரோன் ஏற்றும் ஆசை தானாகப் போய்விடும்.

நான் வைத்திருப்பது டிஜேஐ மினி 3. எடை 249 கிராமுக்கும் குறைவு. "250 கிராமுக்குள் இருந்தால் எந்தக் கட்டுப்பாடும் இல்லையாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்களுக்கான பதிவு விதியில் அந்த 250 கிராம் வருகிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள்தான் பேசும். அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல், ஏற்றக் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றிய வான்பகுதியில் நுழையக் கூடாது. கேமரா பொருத்திய ட்ரோன் என்றால் நிபந்தனை இன்னும் கூடுகிறது: சம்பந்தமில்லாத ஆள், வண்டி, படகு, கட்டடம் எதற்கும் 50 மீட்டருக்குள் போகக் கூடாது. ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருக்கும் இடத்துக்கு 150 மீட்டருக்குள்ளும் போகக் கூடாது. குடியிருப்பு, வணிகப் பகுதிகளுக்கும் அதே 150 மீட்டர். இதையெல்லாம் மீற வேண்டும் என்றால் சிஏஏஎம் எனப்படும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வான்வழிப் படமெடுப்புக்கு நில அளவைத் துறையான ஜூபெம்மின் அனுமதியும் சேர்ந்தே வரும்.

இந்த அளவுகளை ஜார்ஜ் டவுன் மேல் வைத்துப் பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் எந்தச் சந்திலிருந்து ஏற்றினாலும் 50 மீட்டருக்குள் கடை, கோவில், மனிதர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எத்தனை ஆயிரம் பேர் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் கூட்டத்தின் மேல் பேட்டரி தீர்ந்து ஒரு ட்ரோன் விழுந்தால், அது கால் கிலோ எடைதான் என்பது அடிபட்டவருக்கு எந்த ஆறுதலும் தராது. சுழலும் இறக்கை விரலையும் கண்ணையும் கிழிக்கும். அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

ட்ரோனை இயக்கும் கைபேசிச் செயலி தடுக்கவில்லையே, அப்படியானால் பறக்கலாம்தானே என்று நினைக்கவே கூடாது. செயலியின் வரைபடம் தயாரிப்பாளர் போட்டது. அனுமதி தருவது நாட்டின் ஆணையம். புறப்படுவதற்கு நிறைய நாள் முன்பே இடம், தேதி, உயரம் எல்லாம் குறிப்பிட்டு விண்ணப்பித்து, பதில் கைக்கு வந்த பிறகுதான் காரில் பெட்டியை ஏற்றினேன்.

முதல் இரவு பட்டர்வொர்த்தில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணே, முன்னாடி திடல் சும்மாதானே கிடக்கு, ஒரு ரவுண்டு விட்டுக் காட்டுங்களேன்" என்றான். விமானப்படைத் தளம் இருக்கும் ஊர்ப்பா இது, இங்கே ஒரு அடி கூட ஏற்றக் கூடாது என்றேன். முகம் வாடிவிட்டது. சரி, பறப்பதைவிட முக்கியமானதைக் காட்டுகிறேன் வா என்று கூடத்து மேசையில் உட்காரவைத்தேன்.

புது ட்ரோன் வாங்குபவர்கள் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பெட்டியிலிருந்து வரும் பேட்டரி உறக்க நிலையில் இருக்கும். சார்ஜரில் போட்டால்தான் விழிக்கும். முதல் இயக்கத்துக்கு இணையம் வேண்டும், கூடவே மென்பொருள் புதுப்பிப்பும் காத்திருக்கும். இதை வயல் வரப்பில் நின்று செய்ய முடியாது, வைஃபை உள்ள வீட்டில் முடித்துவிட வேண்டும். அப்புறம் கிம்பலின், அதாவது கேமராவைத் தாங்கி ஆடாமல் வைத்திருக்கும் பகுதியின், மேல் இருக்கும் மூடி. அதைக் கழற்றாமல் இயக்கினால் கேமராவைத் திருப்பும் மோட்டார் முட்டி முட்டிப் பழுதாகும். ட்ரோனின் மடங்கிய கைகளை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் கையேட்டில் இருக்கும் வரிசையைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

இறக்கைகளைப் பற்றித் தம்பிக்கு நிறையவே சொன்னேன். நான்கும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி இடமாகவும் இன்னொன்று வலமாகவும் சுற்றும். குறி போட்ட இறக்கை குறி போட்ட மோட்டாரில்தான் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் மேலே எழும்பாமல் தரையிலேயே கவிழும். ஓரத்தில் சின்ன வெட்டு, நகத்தால் தடவினால் தட்டுப்படும் பிசிறு, இப்படி எதுவாக இருந்தாலும் அந்த இறக்கையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பதை அவன் நன்றாகவே கற்றுக்கொண்டான்.

கடைசியாக, வீடு திரும்பும் உயரம். ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: அங்கேயே நிற்கலாம், இறங்கலாம், அல்லது கிளம்பிய இடத்துக்குத் திரும்பலாம். திரும்பச் சொன்னால், குறித்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் வரும். என் ட்ரோனுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும்தான் உணரும் கண் உண்டு, எதிரே தென்னைமரம் நின்றால் அதற்குத் தெரியாது. அதனால் சுற்றுவட்டாரத்தில் எது உயரமோ அதைவிடத் தாராளமாக மேலே அந்த உயரத்தை வைக்க வேண்டும், 120 மீட்டருக்குள். இதை ஊருக்கு ஊர் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மறுநாள் விடியுமுன் கிளம்பி மலையைச் சுற்றி மேற்குப் பக்கம் போனோம். தீவின் முதுகெலும்பாக நடுவில் மலைத்தொடர். சூரியன் அதற்குக் கிழக்கே எழுவதால் பாலிக் புலாவ் வயல்களுக்கு வெயில் தாமதமாகத்தான் இறங்கும். ஜார்ஜ் டவுனில் நல்ல வெளிச்சம் வந்த பிறகும் இங்கே நெற்பயிர் மேல் மலையின் நிழல். அந்த நிழல் பின்வாங்கும் நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு: காலை ஏற ஏறக் கடல்காற்று பிடிக்கும், பிற்பகலில் இடிமழை வரலாம். மினி 3 தாங்கும் காற்றின் எல்லை நொடிக்கு 10.7 மீட்டர். தரையில் தென்னோலை சும்மா ஆடினாலே நூறு மீட்டர் உயரத்தில் காற்று வேறாக இருக்கும்.

சுங்கை பூரோங் பக்கம் வரப்பில் நின்றிருந்த பெரியவரிடம் முதலில் பேசினோம். "பாக்சிக், இங்கே படம் எடுக்கலாமா?" என்று மலாயில் கேட்டேன். பாக்சிக் என்றால் மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. அனுமதிக் கடிதத்தையும் காட்டினேன். கடிதத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நாற்று மேல் இறக்கிவிடாதே, வீடுகள் பக்கம் திருப்பாதே" என்று இரண்டு நிபந்தனை மட்டும் போட்டார். ஆணையம் தரும் அனுமதி வானத்துக்கு. நிலத்துக்கும் அதில் வாழ்பவர்களின் கொல்லைப்புறத்துக்கும் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கார் கூரையிலிருந்து ஏற்றலாமே என்றான் தம்பி. இரும்புத் தகடு திசைகாட்டியைக் குழப்பும், கம்பி போட்ட கான்கிரீட் பாலமும் அப்படித்தான் என்று சொல்லி, காய்ந்த புல்திட்டில் விரிப்பைப் போட்டோம். செயற்கைக்கோள்கள் போதுமான அளவு கிடைத்து, வீட்டுப்புள்ளி, அதாவது கிளம்பிய இடம், பதிவாகிவிட்டது என்று செயலி சொல்லும்வரை காத்திருந்தோம். அந்தக் குரல் வராமல் ஏற்றினால் திரும்பி வர அதற்கு முகவரியே இருக்காது. பிறகு கண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, நான்கு திசையிலும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். சத்தம் சீராக இருந்தது, சாயவில்லை.

முதலில் காற்றை எதிர்த்துக் கடல் பக்கமாக அனுப்பினேன். போகும்போது எதிர்காற்று இருந்தால் வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இதை மாற்றிச் செய்துவிட்டு, பேட்டரி குறைந்த நேரத்தில் எதிர்காற்றில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். மேலிருந்து தெரிந்த வயல் நான் எதிர்பார்த்ததைவிட நிறம் நிறமாக இருந்தது. புதிதாக நட்ட கட்டங்களில் தண்ணீர் வானத்தைக் காட்ட, பக்கத்துக் கட்டம் முழுப் பச்சை. மலைநிழலின் விளிம்பு வரப்புகளைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் நிற்கும் கட்டங்கள் மேல் தாழ்வாகப் பறக்கவில்லை. பளபளக்கும் பரப்பில் கீழ்க்கண் தூரத்தைத் தப்பாகக் கணிக்கும்.

தம்பியை நான் உட்காரவைத்திருந்தது வானத்தைப் பார்க்க. என் கண் திரையில் இருக்கும்போது இன்னொரு ஜோடிக் கண் ட்ரோன் மேலேயே இருக்க வேண்டும். அவன்தான் சொன்னான், "அண்ணே, கருடன்!" வெள்ளைத் தலை, செம்மண் நிற இறக்கை. பினாங்குக் கரையோரத்தில் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் செம்பருந்து. இரண்டாவது வட்டத்தில் அது நெருங்கியதுமே நான் படத்தை விட்டுவிட்டு ட்ரோனைத் திருப்பி இறக்கினேன். அந்த வானத்தில் யார் வழிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடு பக்கத்தில் இருந்தால் அது தாக்கும், அப்போது ட்ரோனின் சுழலும் இறக்கையில் அடிபடுவதும் அதுதான். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தும் அரை மணி நேரம் பெட்டியை மூடிவைத்துவிட்டு, சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தோம். பறவை மலைப் பக்கம் போன பிறகே மறுபடி ஏற்றினோம்.

இறக்கிய பிறகு பாக்சிக்கைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். அவர் அழகை ரசிக்கவில்லை, நேராக ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே பயிர் மட்டும் மஞ்சள் பூத்திருந்தது. வாய்க்கால் மடை அடைத்திருக்கும், தண்ணீர் சேரவில்லை என்றார். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாத அது மேலிருந்து பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

சூடாக இருந்த பேட்டரிகளை உடனே சார்ஜரில் போடவில்லை. ஆறவிட்டு, கார் கண்ணாடி வெயிலில் வைக்காமல் பையில் போட்டு, சித்தப்பா வீட்டில் பாதி அளவு மட்டும் ஏற்றி வைத்தேன். பல நாள் சும்மா இருக்கப் போகும் லித்தியம் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் ஆகாது, காலியும் ஆகாது. வயிறு உப்பியதாகத் தெரிந்தால் அதற்கு மேல் அதைத் தொடவே கூடாது. விமானத்தில் வருபவர்கள் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி.

கதிர் முற்றிப் பொன்னிறமாகும்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் பாக்சிக். இப்போது கிடைத்த அனுமதி அந்தத் தேதிக்கும் அந்த இடத்துக்கும் மட்டும்தான். அதனால் அறுவடை எப்போது என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, புது விண்ணப்பத்தை இந்த வாரமே நிரப்ப ஆரம்பித்துவிட்டேன்.