அதே 3.48

ஃபேப்ரிகேஷன் யூனிட்டிலிருந்து வந்த அந்த போன் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. "சார், 4350பி ஸ்டாக் இல்ல, வர ஆறு வாரம் ஆகும். அதே டிகே 3.48-ல வேற கம்பெனி ஷீட் கையில இருக்கு. போட்டுடலாமா?" 4350பி என்பது எங்கள் ரேடாரின் ஆன்டெனா போர்டுக்கான ஷீட். டிகே என்பது ஷீட்டின் மின்காப்பு மாறிலி, அதற்குள் அலை எவ்வளவு மெதுவாக ஓடும் என்று சொல்லும் எண். சரி என்றேன்.

பக்கத்து இருக்கை ஜூனியர் கேட்டுக்கொண்டிருந்தார். "மெட்டீரியல் மாறினா ஆன்டெனாவை மறுபடி சிமுலேட் பண்ணணுமில்ல சார்?"

"டிகே அதேதானே, வேண்டாம்மா."

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் அந்த 3.48-ஐ அப்படியே நம்பக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ரோஜர்ஸ் 4350பி டேட்டா ஷீட்டில் இரண்டு டிகே இருக்கும். 3.48 என்பது செப்பை அரித்தெடுத்த ஷீட்டை இறுக்கிப் பிடித்து 10 கிகாஹெர்ட்ஸில் அளப்பது. நடுவில் சிக்கும் துளிக் காற்றும் சேர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். லாட்டுக்கு லாட் ஷீட் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க அது போதும். 3.66 என்பது போர்டில் நிஜமாகவே கோடு போட்டு, அதில் அலை ஓடும்போது ஃபேஸ் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து எடுத்தது. டிசைனுக்கு இதுதான். எங்கள் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் பேட்ச், அதாவது போர்டில் ஆன்டெனாவாக வேலை செய்யும் செப்புத் துண்டுகள், எல்லாமே 3.66 வைத்து வரைந்தவை. மாற்று ஷீட்டின் 3.48 எந்த வழியில் அளந்தது? அதை நான் கேட்கவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடவில்லை. ஷீட்டில் சிக்னல் இழப்பு எவ்வளவு என்று கேட்டேன், 4350பி-யின் 0.0037-ஐ ஒட்டித்தான் இருந்தது, சாதாரண போர்டுகளின் எஃப்ஆர்-4 மாதிரி 0.02 இல்லை. வாடிக்கையாளருக்கு டெமோ காட்ட ஒரு மாதம்தான் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் போர்டுகளில் இப்படி எத்தனையோ முறை ஷீட் மாற்றியிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் 24-இல் நமக்குக் கிடைப்பது 24.00 முதல் 24.25 வரை, வெறும் 250 மெகாஹெர்ட்ஸ்.

ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் வேலை செய்கிறதோ அங்கே நெட்வொர்க் அனலைசரின் கோட்டில் ஒரு பள்ளம் விழும். பழைய ஷீட்டில் செய்த முதல் லாட்டில் அது 24.1-இல் விழுந்தது. புது லாட்டில் 24.7-ஐ ஒட்டி விழுந்தது. பேண்டை விட்டே வெளியே.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 3.66 உண்மையிலேயே 3.48 ஆகியிருந்தால் அதிர்வெண் சுமார் இரண்டரை சதவீதம் ஏறும். கிட்டத்தட்ட 600 மெகாஹெர்ட்ஸ். அப்படியே பொருந்தியது. ஆனால் அந்த பேட்சின் நீளமே மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். செப்பை அரித்தெடுக்கும் எட்சிங்கில் ஒவ்வொரு முனையிலும் 25 மைக்ரான் கூடுதலாகப் போயிருந்தாலே 400 மெகாஹெர்ட்ஸ் ஏறிவிடும். ஷீட், எட்சிங் இரண்டுமே ஒரே பக்கம்தான் தள்ளும். அடுத்த முறை பழைய ஷீட்டுக்குத் திரும்பினோம், யூனிட்டையும் மாற்றினோம். பள்ளம் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து மாற்றியதால் குற்றம் எதில் என்பது தெரியாமலே போனது. அவசரத்தில் அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். எனக்கு வசதியான முடிவு என்றும் தோன்றுகிறது.

ஷீட் விஷயம்கூடப் போகட்டும். ரிவ்யூ கூட்டத்தில் மேனேஜர் அந்த ஜூனியரைப் பார்த்து, "சிமுலேஷன் சரியாப் பார்க்கலையா?" என்று கேட்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மறுபடி பார்க்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னார். "அவங்க கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன்" என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? காரணம் எதுவென்று முடிவாகாதபோது ஷீட்டைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போதும் நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த லாட்டில் ஒரு போர்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் வைத்து பேட்சின் நீளத்தை அளந்தால் எட்சிங்கா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். லேப் அடுத்த அறைதான். இன்னும் எடுத்துக்கொண்டு போகவில்லை.