காசிமேட்டு ஞாயிறு: அஞ்சு பேர், ஒரு கூடை மீன்

வடசென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒத்தை ஆளாகப் போவது வீண். கரையில் ஏலம் போகிற மீன் ஒரு வீட்டுக்கு ஆகிற அளவில் விற்பதில்லை. கூடை கூடையாகப் போகும், கூறு கட்டிப் போகும், பெரிய மீன் என்றால் முழுசாகப் போகும். அரை கிலோ சங்கரா கேட்டால் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அரைக் கிலோ வாங்க வெளியே சில்லறைக் கடை இருக்கிறது, ஆனால் அதற்கு உங்கள் தெரு முனைக் கடையே போதும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அஞ்சு பேர் சேர்ந்தால் கதை வேறு. ஒரு கூடை எடுக்கலாம், ஒரு முழு வஞ்சரம் எடுக்கலாம், பாதியை மொட்டை மாடியில் சமைத்துவிட்டு மீதியைப் பங்கு போட்டு வீட்டுக்கு அனுப்பலாம். அதனால் வார இறுதிக்கு ஆள் சேர்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் யார் காலையில் எழுந்து வருவீர்கள் என்பதுதான்.

பல படகுகள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைக் குறிவைத்தே சனி ராத்திரி துறைமுகத்துக்குத் திரும்பும். மொத்த ஏலம் விடிவதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். மூன்று மணிக்குப் போனால் மொத்த வியாபாரிகளோடு முட்டிக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குப் போனால் பாதி சென்னை அங்கே நிற்கும், நல்ல மீனும் கிளம்பியிருக்கும். நாலரையிலிருந்து ஆறுவரை சரியான நேரம். மொத்தக்காரர் எடுத்தது போக மீந்த கூடைகள் அப்போதுதான் கூறாகப் பிரியும். நாலரை மணிக்கு மெட்ரோ இருக்காது, வண்டிதான். எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், இருட்டில் பைக்கில் அவற்றுக்கு நடுவே புகுந்து போகாதீர்கள். சுற்றானாலும் தண்டையார்பேட்டை, ராயபுரம் உள்சாலை மேல். வண்டியை வாசலுக்குத் தள்ளியே நிறுத்துங்கள், இல்லையென்றால் மீன் தண்ணி வாடை சீட்டில் ஒரு வாரம் இருக்கும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு வேண்டாம், தரை முழுக்க ஐஸ் தண்ணியும் செதிலும். சில்லறை கையில் இருக்கட்டும், கூட்டத்தில் நெட்வொர்க் காலை வாரும்போது ஜிபே சுத்திக்கொண்டே இருக்கும்.

இங்கே புதுசாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. படகிலிருந்து கண்ணெதிரே இறக்குகிற மீன் எல்லாம் இன்றைக்குப் பிடித்தது இல்லை. விசைப்படகு, கரையில் ‘போட்டு’ என்பார்கள், பல நாள் கடலில் தங்கி வரும். முதல் நாள் பிடித்தது அத்தனை நாளும் அடித்தட்டில் ஐஸில் கிடந்திருக்கும், கடைசி நாள் பிடித்தது மேலே இருக்கும். ஒரே படகு, ஒரே மீன், இரண்டுக்கும் நடுவே ஒரு வார வித்தியாசம் இருக்கலாம். ஃபைபர் என்கிற சின்னப் படகு ராத்திரி போய்க் காலையில் வந்துவிடும். அதில் மீன் சின்னது, வகையும் குறைவு, ஆனால் துடிக்கிற மீன் அதுதான். “க்கா, இது போட்டு மீனா, ஃபைபரா?” என்று கேளுங்கள். கேட்ட விதத்திலேயே இவனுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். “ஃபைபர் தாம்ப்பா, செவுள தூக்கிப் பாரு” என்று பதில் வந்தால் தயங்காமல் தூக்கிப் பாருங்கள்.

செவுள் ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பு விழுந்தால் பழசு. செவுள் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம், கண்ணையும் பாருங்கள்: புடைத்துத் தெளிவாக இருந்தால் சரி, உள்ளே குழிந்து பால் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் உள்ளே குடல் கரைய ஆரம்பித்துவிட்டது. நெத்திலிக்கு வயிறு வெடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நண்டைத் தூக்கிப் பாருங்கள், அளவுக்குத் தகுந்த கனம் இல்லையென்றால் உள்ளே தண்ணிதான்.

இனி கணக்கு. கூறு தராசில் நிற்காது, கண் அளவுதான். மீன் வாங்கப் பழகாதவர்கள் ஒரு சின்ன தொங்கு தராசு எடுத்துப் போனால், வாங்கிய பிறகாவது என்ன விலைக்கு வாங்கினோம் என்று தெரியும். அதைவிட முக்கியம் கழிவு. வஞ்சரத்தில் தலையும் குடலும் போனால் கால் பங்குக்குச் சற்று மேலே குறையும். சங்கராவில் தலை பெருசு, முள் பெருசு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தலையோடு வாங்கிய இறால் உரித்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அஞ்சு பேர் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு, சுத்தம் செய்வதற்கு முந்தைய எடையில், குழம்புக்கு ஒன்றரை கிலோ சங்கரா, வறுக்க ஒன்றரை கிலோ வஞ்சரம், கூடக் கொறிக்க அரை கிலோ நெத்திலி அல்லது கடம்பா (கணவாய்) போதும். அதற்கு மேல் வாங்குவது பங்கு போட. பங்கை வெட்டின பிறகு நிறுத்துப் பிரியுங்கள், முன்னால் பிரித்தால் சங்கரா எடுத்தவன் நஷ்டப்படுவான்.

வெட்டுவதற்கு அங்கேயே அருவாமணையோடு அக்காமார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காசைப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். சங்கரா செதில் மொட்டை மாடியில் பறந்தால் ஒரு மாசம் கழித்தும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். வஞ்சரத் துண்டு விரல் தடிமன் என்று சொல்லியே வெட்டச் சொல்லுங்கள். சும்மா இருந்தால் தடித்தடியாக விழும், வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். தலையை விடாதீர்கள், குழம்புக்கு ருசியே அதில்தான்.

ஐஸ் வாங்காமல் துறைமுகத்தை விட்டு வெளியே வராதீர்கள். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பதுதான் சரியான அளவு, நம் ஊர் வெயிலுக்குக் குறைக்க வேண்டாம். உருகிய தண்ணியில் மீன் ஊறாதபடி அடியில் ஒரு ஓட்டை போடுங்கள். வழியில் டீ, இட்லி என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மீனை வண்டி ஹூக்கில் தொங்கவிடுகிற பழக்கம் ஆபத்து. வஞ்சரம், சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். அதை மீன் அலர்ஜி என்று நினைத்து வாழ்நாள் முழுக்க வஞ்சரத்தைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. எவ்வளவு வேகவைத்தாலும், வறுத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஐஸ் ஒன்றே வழி.

மாடிக்கு வந்ததும் முதலில் குழம்பு. அது ஊறினால்தான் ருசி என்பதால் பத்து மணிக்குள் இறக்கிவிட வேண்டும். ஒன்றரை கிலோ சங்கராவுக்கு நல்லெண்ணெய் நூறு மில்லி, அரை ஸ்பூன் வெந்தயம், கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு, நாலு தக்காளி, பெரிய எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளி, குழம்பு மிளகாய்த் தூள் அஞ்சு மேசைக்கரண்டி. வெந்தயம் சிவக்கலாம், கருகினால் மொத்தக் குழம்பும் கசக்கும், எண்ணெயை மாற்றி மறுபடி ஆரம்பியுங்கள். வெங்காயம், பூண்டு, தக்காளி குழைந்ததும் அடுப்பைக் குறைத்துத் தூளைப் போட்டு ஒரு நிமிஷம் வதக்கிப் புளியை ஊற்றுங்கள். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் குழம்பைக் கெடுக்கிறார்கள். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை, இருபது இருபத்தைந்து நிமிஷம், மீன் இல்லாமலே கொதிக்க வேண்டும். மீன் உள்ளே போனதும் தண்ணி விடும், அதனால் போடுவதற்கு முன் குழம்பு தேவைக்குச் சற்றுக் கெட்டியாகவே இருக்கட்டும். தலை முதலில், மூன்று நிமிஷம் கழித்துத் துண்டுகள், அதன் பிறகு ஏழெட்டு நிமிஷம். கரண்டி போடவே கூடாது, சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்று சுற்றுங்கள். மாங்காய் சீசனில் புளியில் கால் பங்கைக் குறைத்து ஒரு மாங்காயை வெட்டிப் போடலாம்.

வறுவலுக்குத் துண்டுகளைக் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். மசாலா ஒட்டாமல் கல்லிலேயே தங்கிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஈரம்தான். சுத்தம் செய்த ஒரு கிலோவுக்கு மிளகாய்த் தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள் ஒரு டீஸ்பூன், உப்பு இரண்டு டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சம்பழம். அரை மணி நேரம் ஊறினால் போதும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, அடிப்பக்கம் தானாக விடுபடும்வரை தொடாதீர்கள். கடம்பாவுக்கு உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் தண்டையும் மைப்பையையும் எடுத்துவிட்டு வளையமாக நறுக்கி, பெருந்தீயில் இரண்டு நிமிஷம் புரட்டி இறக்குங்கள். அஞ்சு நிமிஷம் ஆனால் ரப்பர். அதைத் தாண்டிவிட்டால் மூடிபோட்டு முக்கால் மணி நேரம் வேகவிட்டால்தான் மறுபடி இளகும்.

மதியம் நெருங்க நெருங்கக் கடல்காத்து ஏறும், அடுப்புத் தீ ஒரு பக்கமாகச் சாயும். அடுப்பைத் தண்ணி டேங்க்குக்கு மேற்கே, கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் பாதித் தொல்லை தீரும். சாப்பாட்டுக்குப் பிறகு கேரம். வடசென்னையில் அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு. அதனால் எதிரில் உட்காரும் பொடிசைக் குறைவாக எடைபோட வேண்டாம். மாடியில் போர்டை வெயிலிலும் ஈரக்காத்திலும் விட்டால் பலகை வளையும், காய் ஓடாது. பவுடரை அள்ளிக் கொட்டுவதும் உதவாது. கொஞ்சம் தூவித் துணியால் தேய்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. அது அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்கு. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்து கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்த தமிழர்களோடு வந்த சாப்பாடு இது. அவர்கள் கடை போட்ட பர்மா பஜார் 1969-இல் உருவானது. அத்தோ பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் செகண்ட் லைன் பீச்சிலும், வியாசர்பாடியிலும் கிடைக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், சன்னமாக அரிந்த கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயமும் பூண்டும், அந்த எண்ணெயிலேயே ஒரு கரண்டி, மிளகாய், புளித்தண்ணி, உப்பு, மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. கையால் பிசைந்து தட்டில் விழுந்த அந்த நிமிஷமே சாப்பிட வேண்டும். நின்றால் நூடுல்ஸ் புளித்தண்ணியை உறிஞ்சி உப்பிவிடும், பேஜோ சொதசொதத்துப்போகும். பார்சல் அத்தோ காசுக்குப் பிடித்த கேடு. கட்டாயம் வேண்டுமென்றால் பேஜோவையும் புளித்தண்ணியையும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப் வரும், இன்னொரு தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயம் திணித்துத் தருவார்களே, ஆளுக்குக் குறைந்தது இரண்டு சொல்லுங்கள். இதை முடித்துவிட்டு சௌகார்பேட்டை வரை நடந்து ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச் என்று போவது வயிற்றைப் பொறுத்தது. மறுநாள் நாலு மணிக்கு எழ வேண்டியவர்கள் பாதாம் பாலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஞாயிறு சாயங்காலம் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் பக்கம். கடற்கரை என்று போனால் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கரைதான் பெரும்பாலும். உட்கார்ந்து பேசலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது, கல்லிடுக்கில் கால் மாட்டும்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை இந்தத் திட்டம் அப்படியே செல்லாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, ஃபைபரும் கட்டுமரமும் கொண்டு வருவதுதான் வரத்து. அப்போது கிடைக்கிற பெரிய மீனில் நிறைய மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்த பெட்டி மீன். விலையும் ஏறியிருக்கும். அந்த இரண்டு மாசம் வஞ்சரத்தை மறந்துவிட்டு நெத்திலி, காரப்பொடி மீன், நண்டு என்று ஃபைபர் மீனுக்கு மாறுங்கள், ஆள் எண்ணிக்கையையும் மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். தடை முடிந்த முதல் ஞாயிறு ஆசைப்பட்டு ஓடாதீர்கள். பல நாள் தங்கலுக்குப் போன படகுகள் பல இன்னும் திரும்பியிருக்காது, கூட்டம் மட்டும் திரும்பியிருக்கும். இரண்டாவது ஞாயிறு போங்கள், இறாலும் கடம்பாவும் இறங்க ஆரம்பித்திருக்கும்.