கல் மிதந்த கரை

கடலூரில், திருப்பாதிரிப்புலியூருக்கு அருகே கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகிக் கரை சேர்ந்த இடம் என்பார்கள். பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கடல் எனக்குத் தெய்வத்தின் மடியாகவே தெரிந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த மடிதான் சுனாமியாய் எழுந்து தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. அப்பருக்கு மிதந்த கல் அவர்களுக்கு ஏன் மிதக்கவில்லை? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இன்றும் கோயிலுக்குப் போகிறேன்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் "எல்லாம் போன பிறவி வினை" என்று ஒருவர் சொன்னதை அன்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. விவிலியத்தில், குற்றமற்றவராக இருந்தும் பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். பிறகு பேசினார்கள், நீ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். முடிவில் கடவுளுக்குக் கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மீதுதான்.

அப்பரும் சூலை நோயில் துடித்தபோது, திருவதிகையில் இறைவனிடம் முறையிட்டுத்தான் பாடினார்.

சுனாமிக்குப் பிறகு பாட்டி அந்தக் கல் கதையைச் சொல்லவே இல்லை. மாலையில் விளக்கேற்றுவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை.