பப்பை வீடாக்க ஒரு மனு

தென் இங்கிலாந்தின் மாவட்ட மன்றம் ஒன்றில், நிலப் பயன்பாட்டு அனுமதி மனுக்களைப் பரிசீலிப்பது என் வேலை. 2018இல் வந்தவற்றில் ஒன்று, பதினேழாம் நூற்றாண்டுக் கிராமத்துப் பப் ஒன்றை வீடாக மாற்றக் கோரியது. அதை வாங்கியவர் கதவைப் பூட்டிவிட்டு மனுச் செய்திருந்தார். வீடாக விற்றால் அந்தக் கட்டடத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு விலை கிடைக்கும்.

மரபுக் கட்டடப் பட்டியலில் இருப்பதால் அசைக்க முடியாது என்று ஊரார் தெம்பாக இருந்தார்கள். அந்தப் பட்டியல் உத்தரத்தையும் கணப்பையும் காக்கும். உள்ளே பீர் விற்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாது.

ஆட்சேபக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. திருமண விருந்து, தாத்தா உட்கார்ந்த நாற்காலி, கிறிஸ்துமஸ் பாட்டு, எல்லாம் இருந்தன. வாரநாள் மாலையில் போய் வந்ததாக எழுதியவர்கள்தாம் அரிது. எனக்கு எரிச்சலாக இருந்தது. கைப்பம்பில் இழுக்கும் ஏல் என்ற பீர் வகையின் பீப்பாயைத் திறந்தால், கெடுவதற்குள் மூன்று நாளில் விற்றாக வேண்டும். வழக்கமாக வரும் பீப்பாயே 72 பைன்ட், ஏறத்தாழ 41 லிட்டர். செவ்வாய்க்கிழமை ஆள் வராவிட்டால் வியாழக்கிழமை மிச்சம் சாக்கடைக்குத்தான்.

பப்பாக நடத்திக் கட்டாது என்று காட்ட மனுவோடு இணைத்திருந்த கணக்குகளைப் படித்தபின் எரிச்சல் திசை மாறியது. நட்டம் காட்டிய ஆண்டுகள் அத்தனையும், பப்களைக் குத்தகைக்கு விடும் நிறுவனம் ஒன்று முந்தைய உரிமையாளராக இருந்த காலத்தவை. பீரை அந்த நிறுவனத்திடமே, சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும் என்பது குத்தகை நிபந்தனை. இந்த வழக்கத்தைத் தளர்த்தத்தான், 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த பீர் ஆலைகள் அந்த 2,000க்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்கவோ நிபந்தனையிலிருந்து விடுவிக்கவோ வேண்டும் என்று 1989இல் அரசு ஆணையிட்டது. விற்பனைக்கு வந்தவற்றைப் பீரே காய்ச்சாத நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன. நிபந்தனையும் கூடவே கைமாறியது. புது உரிமையாளருக்கோ அப்படி எந்தக் கட்டும் இல்லை. பிறகு அந்தப் பழைய நட்டம் எதற்குச் சான்று?

வெளிச்சந்தை விலையில் கணக்குப் போட்டுப் பார்க்கச் சுயேச்சை மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்தினோம். கொழுத்த லாபம் வரவில்லை; ஒரு குடும்பம் நடத்திப் பிழைக்கலாம் என்று வந்தது. அனுமதி மறுக்கப் பரிந்துரைத்தேன். குழு ஏற்றது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

ஆனாலும் கதவு பூட்டியே கிடந்தது. பப்பைத் திற என்று உரிமையாளருக்கு உத்தரவிட எங்களிடம் அதிகாரம் இல்லை. கடைசியில் சலித்துப்போய் அவரே விற்க முன்வந்தார். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சமூகச் சொத்தாக ஊரார் முன்பே பதிவு செய்திருந்ததால், பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போதும் அவருக்கு இல்லை. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊரார் 2003இல் கூட்டுறவாகச் சேர்ந்து ‘ஓல்ட் கிரவுன்’ பப்பை வாங்கியதை முன்மாதிரியாகக் காட்டிப் பங்கு விற்கத் தொடங்கினார்கள்.

நானும் ஒரு பங்கு வாங்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். மனுவைப் பரிசீலித்தவர் வாங்கினால் உரிமையாளரின் வழக்கறிஞருக்குத்தான் கொண்டாட்டம் என்றார்.