டவருக்க குறை

"அது போனுக்க குறை இல்லடே, டவருக்க குறை" என்று 2017 அக்டோபரில் பிளஸ் டூ வகுப்பில் நான் சொன்ன பதிலில் இயற்பியல்படி எந்தப் பிழையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பை நினைக்கும்போதெல்லாம் நான் போய் ஒதுங்குவது இந்த இடத்தில்தான்.

தகவல் தொடர்புப் பாடத்தை நான் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. 1946-இல் டிக் டிரேசி என்ற படக்கதைத் துப்பறிவாளர் மணிக்கட்டில் கட்டிக்கொண்ட இருவழி வானொலி, 1966-இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் மூடியைத் திறந்ததும் பேசத் தயாராகும் கைக்கருவி, 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றபடி போட்டி நிறுவனத்துப் பொறியாளரையே அழைத்துப் பேசிய கைப்பேசி, பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் அரை மணி நேரம் பேசக்கூடியதாகவும் 3,995 டாலர் விலையுள்ளதாகவும் 1983-இல் அறிமுகமான டைனாடாக், 1996-இல் மடக்கிப் பையில் போடும்படி வந்த ஸ்டார்டாக் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே வருவேன். (தமக்குத் தூண்டுதலாக இருந்தது டிக் டிரேசிதான் என்று கூப்பர் பின்னாளில் சொல்லிவிட்டார். மாணவர்களிடம் எடுபடுவது ஸ்டார் டிரெக் என்பதால் அதை நான் அழுத்திச் சொல்வதில்லை.) கதையில் வந்த கருவியில் திரையில்லை, கேமரா இல்லை, நம் பையில் கிடப்பதில் இரண்டும் உண்டு, ஆகவே கற்பனையை நிஜம் முந்திவிட்டது என்று முடிப்பது வழக்கம்.

அன்று அப்படி முடித்தபோது தூத்தூர் என்ற மீனவக் கிராமத்துப் பக்கமிருந்து வந்து படித்த ஒரு மாணவன் எழுந்தான்.

"சாரே, அந்தக் கதையில வாற கருவிக்கு டவர் வேணுமா?"

வேண்டாம், வானத்தில் நிற்கும் கப்பலோடு அது நேரே பேசும் என்றேன்.

"அப்பம் நம்ம போன் எப்படி முந்தும்? கரை மறைஞ்சா எங்க அப்பாவுக்க போன்ல பாட்டுதான் கேக்க முடியும்."

அதற்குத்தான் அந்தப் பதில். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அதோடு விடவில்லை. ஐம்பது மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவு காரணமாக, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரைதான் நேர்க்கோட்டில் கடல்மட்டத்தை எட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜிஎஸ்எம் என்ற கைப்பேசி முறையில் கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சாதாரணமாக 35 கிலோமீட்டர்தான் எல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். அவன் தகப்பனார் மீன்பிடிக்கப் போகும் கடல் அந்த எல்லைக்குப் பல மடங்கு அப்பால் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க ஏற்கெனவே போயிருந்த விசைப்படகுகளுக்குக் கரையிலிருந்து எந்தச் செய்தியும் சொல்ல வழியில்லாமல் போனதை எங்கள் குமரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த மாணவனின் தகப்பனார் அந்த வாரம் கரையில்தான் இருந்தார் என்று பின்னர் தெரிந்தது. தெரிந்தபோது எனக்கு உண்டான நிம்மதியில் பாதிக்கு மேல் அவருக்காக அல்ல, எனக்காக.

என் பதிலுக்கும் புயலுக்கும் தொடர்பில்லை. நான் வேறு விதமாகப் பதில் சொல்லியிருந்தால் ஒரு படகாவது திரும்பியிருக்கும் என்று எண்ணுவது ஆசிரியர்களுக்கே உரிய ஒரு வகைத் தற்பெருமை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கதையில் டவரே இல்லை என்று நான் சொன்னது சரிதானா? வானத்தில் நிற்கும் கப்பல்தானே அங்கே டவர்! அப்படிப்பட்ட டவர் கதையில் மட்டும்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. மோட்டோரோலாவின் முயற்சியிலேயே உருவான இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி அமைப்பு 66 செயற்கைக்கோள்களோடு 1998-இல் சேவையைத் தொடங்கியிருந்தது. ஆகவே அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில், "கதையில் வருவது நிஜத்திலும் இருக்கிறது, ஆனால் நம் நாட்டில் அரசின் அனுமதியில்லாமல் அதைக் கையில் வைத்திருக்க முடியாது, உன் அப்பாவின் படகுக்கு அது வந்து சேரவில்லை" என்பது. இது எனக்கு அன்றே தெரியும். பாடத்தில் இல்லை என்பதற்காக விட்டேனா, பலகையில் எழுதிய வரிசை கெட்டுவிடும் என்பதற்காக விட்டேனா என்று என்னால் இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதுகாப்புக் காரணங்களுக்காக வைத்த கட்டுப்பாட்டை வகுப்பில் விவாதிப்பது என் வேலையல்ல என்றும் சில நாள் தோன்றும். அது நியாயமான வாதம்தான். என்றாலும், சிரிப்பு மூட்டிக் கேள்வியை அமர்த்துவது மட்டும் எப்படி என் வேலையாயிற்று?

2019-இல் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை ஆழ்கடலுக்கே கொண்டுசேர்க்கும் ஜெமினி என்ற கருவி அறிமுகமானபோது, அவனை அழைத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எண் இருந்தது, அழைக்கவில்லை. அது ஒருவழிக் கருவி. கரை சொல்வதைப் படகு கேட்கலாம், படகு திருப்பிப் பேச முடியாது. "1946 படக்கதையிலேயே இருவழி என்று சொன்னீரே சாரே" என்று அவன் கேட்டுவிடுவான் என நினைத்தேன்.

இந்த ஆண்டும் அந்தப் பாடம் வந்தது. கற்பனையை நிஜம் முந்திவிட்டது என்ற கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். வரிசையை எழுதி முடித்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாக்பீஸைக் கீழே வைக்காமல் சற்று நேரம் நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.