மரச்சீனியில் கருநீலக் கீற்று: வீட்டில் கேட்டலேஸ் சோதனை

குமரி மாவட்டத்துக் குலசேகரம், திருவட்டாறு பக்கம் பிடுங்கிய மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) இரண்டு மூன்று நாள் கழித்து வெட்டினால் உள்ளே கருநீலக் கீற்று ஓடியிருக்கும். அது கிருமியால் வந்த அழுகல் இல்லை. காயம்பட்ட இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு பெருகுகிறது. அதைக்கொண்டு பெராக்சிடேஸ் என்ற புரதம் கிழங்கிலுள்ள ஸ்கோபோலெட்டின் என்ற பொருளை ஆக்சிஜனேற்றுவதால் வரும் நிறம். கேட்டலேஸ் புரதமோ அதே பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துச் செல்லைக் காக்கிறது. ஆக்சிஜன் வருவதால் நுரையை வைத்து அளக்கலாம்.

மருந்துக்கடையில் ‘20 வால்யூம்’ பெராக்சைடு என்று தருவது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3. தோலில் பட்டால் வெளுத்து எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் முருங்கையிலை: 10 கிராமை 100 மி.லி. ஐஸ் தண்ணீரில் அரைத்து, துணியில் வடித்து, ஐஸ்மேலேயே வையுங்கள். 100 மி.லி. அளவுக் குழாயில் 5 மி.லி. நீர்த்த பெராக்சைடு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கடைசியாக 2 மி.லி. சாறு. ஒரு நிமிடத்தில் நுரை எட்டிய கோட்டைக் குறியுங்கள். 5 மி.லி. தரக்கூடிய ஆக்சிஜன் சுமார் 50 மி.லி.தான், நுரை 60-ஐ வெகுவாகத் தாண்டினால் பெராக்சைடைச் சரியாக நீர்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒப்பிட, பக்கத்திலேயே சாற்றுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்று, 10 நிமிடம் கொதித்து ஆறிய சாறு ஊற்றிய குழாய் ஒன்று வேண்டும். ஆறாமல் ஊற்றினால் சூட்டிலேயே குமிழி வந்து ஏமாற்றும். வெறும் தண்ணீரே நுரைத்தால் குழாயில் துருவோ பழைய சாறோ ஒட்டியிருக்கும்.

பிறகு இதேபோல் எடுத்த மரச்சீனிச் சாறு மந்தமாகப் பொங்கினால் ‘கிழங்கில் கேட்டலேஸ் குறைவு’ என்று உடனே எழுதிவிடக் கூடாது. அரைக்கும்போது கிழங்கிலுள்ள லினமாரின் என்ற பொருள் உடைந்து சயனைடு என்ற நஞ்சு வரும். அது கேட்டலேஸ் வேலை செய்யத் தேவையான ஹீம் என்ற பகுதியின் இரும்பைப் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்தும். (அதனால்தான் காற்றோட்டமான வராந்தாவில் மட்டும் அரைக்க வேண்டும், வாயில் வைக்கவே கூடாது.) தவிர, பெராக்சிடேஸ் எவ்வளவு பெராக்சைடைச் செலவழித்தாலும் வாயு விடாது, நுரைக்கணக்கில் அது வராது. கிழங்குக்கு நுரையைவிட நிறமே நம்பகமானது என்பேன். ஒரு நாள் வைத்த துண்டில் பெராக்சைடைச் சொட்டினால் நரம்போட்டத்தில் நீலம் படரும். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சில் ஸ்கோபோலெட்டின் வெளிர்நீலமாக ஒளிரும்; துண்டு கறுக்கக் கறுக்க அந்த ஒளி மங்கும்.

அடுத்து, பிடுங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்ட செடியின் கிழங்கு. அது மெதுவாகத்தான் கறுக்கும். முறிந்த முனையையும் நடுப்பகுதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.